ரிவர்ஸ் இல்லாத கல்யாண பஸ்

என் கணவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் ஒரு பழைய பஸ்ஸின் முகத்துக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேதாரண்யத்தில் உப்பளத்தை ஒட்டி, கழித்துப் போட்ட சாமான்கள் குவிந்து கிடக்கும் ஒரு காலி மனை அது. பஸ்ஸின் மூக்கு நுனியில் செங்குத்தாகக் கம்பிகள் வரிசையாக இருக்கும். அதில் நடுவில் இருந்த இரண்டைக் காணவில்லை.

"முன்பல்லு ரெண்டு போயிடுச்சு. மத்ததெல்லாம் கெட்டியா இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆள் மன்னார்குடியில் பல் டாக்டர் என்பது பிறகு தெரிந்தது. கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் பார்க்க ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். நான் தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய பஸ்களை அளந்து வரைவது எனக்கு ஒரு பைத்தியம். என் பழைய மாணவன் ஒருவன் இந்த வண்டியின் படத்தை போனில் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, கல்லூரிக்கு லீவு போட்டு ஓடி வந்திருந்தேன்.

"இதை நான் வாங்கப் போறேங்க," என்றேன்.

"நான் காலையிலயே வந்துட்டேனே மேடம்," என்றார் அவர்.

மனைக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "மூக்குப் பக்கம் டாக்டருக்கு, வால் பக்கம் டீச்சருக்கு. அறுத்துத் தந்துடவா?" என்று கேட்டார்.

அறுப்பது என்ற வார்த்தையைக் கேட்டதும் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். அன்று சாயங்காலமே அந்த பஸ் எங்கள் இருவருக்கும் பொதுவானது. எங்களுக்குள் வேறு எந்த உறவும் ஏற்படுவதற்கு முன்னால் நாங்கள் ஒரு பஸ்ஸின் கூட்டாளிகள் ஆகிவிட்டோம்.

இப்போது ஓடும் பஸ்களுக்கு முகம் தட்டை. எஞ்சின் உள்ளே, டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும். இதற்கு எஞ்சின் வெளியே, நீண்ட மூக்குக்குள். மூக்கின் மூடியை இரண்டு பக்கமும் சிறகுபோலத் தூக்கிவிடலாம். உடம்பு முழுக்கத் தேக்குச் சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு. ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் சுருட்டி வைத்த படுதாவை அவிழ்த்துவிட வேண்டும். ஏற இறங்க ஒரே வாசல், அதுவும் பின்பக்கம். கூரையில் சாமான் கேரியர், அதற்கு ஏறிப்போகப் பின்னால் ஒரு இரும்பு ஏணி. உள்ளே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கயிறு. அதை இழுத்தால் டிரைவர் தலைக்கு மேல் மணி அடிக்கும். பின்சக்கரத்துக்கு அப்பாலும் உடம்பு தாராளமாக நீண்டிருக்கும். கட்டியவர்கள் இன்னும் ஒரு வரிசை சீட்டுக்கு ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

வண்டியை லாரியில் ஏற்றித் தஞ்சாவூருக்கு வெளியே மாமாவின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். மாமா என் அத்தையின் கணவர். நெல் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் மன்னார்குடியிலிருந்து வருவார். பல்லில் காறை சுரண்டும் ஊசிமுனைக் கருவியைக் கொண்டு பஸ்ஸின் பெயிண்டைச் சுரண்டுவார். மேலே உப்பளத்துக்காரர்கள் அடித்த சாம்பல் நிறம். அதன் கீழே பள்ளிக்கூட மஞ்சள். அதற்கும் கீழே ஏதோ ஒரு பச்சை, அது டவுன் பஸ்ஸாக ஓடிய காலம் என்றார் மாமா. எல்லாவற்றுக்கும் அடியில் நல்ல சிவப்பும் வெள்ளைக் கோடும். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்துக்கு எக்ஸ்பிரஸாகப் பறந்த காலத்து நிறம் அது. எக்ஸ்பிரஸ், டவுன், பள்ளிக்கூடம், உப்பளத் தொழிலாளர் வண்டி, கடைசியில் சக்கரம் கழற்றிய நிலையில் வெயிலுக்கு ஒதுங்கும் கொட்டகை. ஒரு வண்டி இத்தனை உத்தியோகம் பார்த்திருக்கிறது.

"சிவப்பு வந்துடுச்சு மேடம், இங்க வந்து பாருங்க," என்று அவர் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஏதோ குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைச் சொல்வதுபோல இருந்தது.

அத்தைக்கு இந்தப் பஸ் விவகாரம் முதலில் பிடிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டருக்கு வைக்கிற குழம்பில் மீன் துண்டுகள் வாராவாரம் பெரிதாகிக்கொண்டே போனதை நான் கவனித்தேன். எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பஸ்ஸின் உள்ளே வைத்திய அறை எப்படி அமைய வேண்டும் என்று வரைந்து தரும் வேலை என்னுடையது. வரைபடத்தை மூக்கின் மூடிமேல் விரித்து வைத்து அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பல் நாற்காலி இது, தண்ணீர்த் தொட்டி இது, கருவிகள் வைக்கும் அலமாரி இது என்று காட்டிக்கொண்டு வந்தேன்.

"டிரைவருக்குப் பின்னாடி தனியா ஒரு சீட்டு போட்டிருக்கீங்களே, அது யாருக்கு?"

"எனக்கு," என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஷெட்டின் கோடியில் மாமா தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றுபோனது. டாக்டர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"ஜன்னலோரமா போட்டிருக்கலாமே," என்றார்.

"ஜன்னலோரம்தாங்க போட்டிருக்கு. நீங்க தலைகீழா பார்க்கிறீங்க."

மாமா மறுபடி தட்ட ஆரம்பித்தார். இந்த முறை அந்தத் தட்டலில் ஒரு தாளம் இருந்தது.

நாங்கள் லுத்தரன் சபை. அவர்கள் கத்தோலிக்கர். வீட்டில் இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் பேச்சு நடந்தது. யாருடைய கோயிலில் கல்யாணம் என்பதுதான் வழக்கு. என் அப்பா மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டையை வளர்த்துப் பழக்கம் இல்லாதவர். "எந்தக் கம்பத்துல இருந்து இழுத்தாலும் கரண்டு ஒண்ணுதான்," என்று சொல்லி முடித்துவைத்தார். தை மாதம், வேளாங்கண்ணிக்கு முன்னால் உள்ளே தள்ளியிருக்கும் மாப்பிள்ளையின் சொந்த ஊர்க் கோயிலில் கல்யாணம் என்று முடிவானது. பெண் வீட்டார் எல்லோரும் பஸ்ஸிலேயே வருகிறோம் என்று நான் சொன்னேன். வண்டி ரோட்டில் ஓடலாம் என்ற எஃப்.சி. சான்று அப்போதுதான் கிடைத்திருந்தது. வைத்திய அறை இன்னும் காகிதத்தில்தான், உள்ளே பழைய சீட்டுகளே இருந்தன. சிவப்பும் வெள்ளைக் கோடும் அடித்து, முன்பல் இரண்டும் புதிதாக வைத்து, பார்க்கிறவர்கள் நின்று பார்க்கும்படி இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் பனி விலகுவதற்குள் எல்லோரும் ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் வெள்ளைப் பட்டுச் சேலையில் நின்றேன். மாமா வண்டியை ரிவர்ஸில் வெளியே எடுத்தார். பாதி வெளியே வந்ததும் உள்ளே எங்கோ கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி வந்த வேகத்தில் மிச்ச தூரமும் உருண்டு வெளியே வந்து, மூக்கு ரோட்டைப் பார்க்க வளைந்து நின்றது. அதன்பிறகு மாமா எத்தனை தடவை போட்டுப் பார்த்தும் ரிவர்ஸ் விழவில்லை.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தார். கியர் பெட்டியின் எண்ணெயைத் தட்டில் இறக்கினார். கறுப்பு எண்ணெயோடு சின்னதாக ஒரு இரும்புத் துண்டும் வந்து விழுந்தது.

"ரிவர்ஸ் கியர்ல ஒரு பல்லு போயிடுச்சு பாப்பா. நல்லவேளை, துண்டு முழுசா வந்துடுச்சு. மத்த கியருக்கு ஒண்ணும் ஆகல."

நான் மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். "பல்லு ஒண்ணு விழுந்துடுச்சுங்க," என்றேன்.

"யாருக்கு?" என்று பதறினார்.

"பஸ்ஸுக்கு."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்க, நான் சிரிக்க, பக்கத்தில் நின்ற அத்தை என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தாள்.

"வேன் சொல்லிடலாமா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்பா. முன்னாடி போறதுக்குத்தானே கெளம்பியிருக்கோம். பின்னாடி போற வேலை என்ன இருக்கு?" என்றேன். மாமா புது எண்ணெய் ஊற்றினார். எல்லோரும் ஏறினார்கள். அத்தை கயிற்றை இழுத்து மணி அடித்தாள்.

ரிவர்ஸ் இல்லாத வண்டியில் போவதென்றால் எப்படிப்பட்ட கவனம் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. எங்கே நிறுத்தினாலும் முன்னால் வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். மன்னார்குடியில் டீக்கு நிறுத்த இடம் தேடித்தேடி, கடைகளெல்லாம் கடந்துபோய், ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் நின்று, டீயை வாளியில் வாங்கி வரச்செய்து குடித்தோம். அப்பா தன் உத்தியோகத்தை விடவில்லை. டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, தெருவுக்குக் குறுக்கே தொங்கும் கம்பிகளைப் பார்த்து, "மெதுவா, கேரியர்ல உரசும், இப்ப போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மன்னார்குடியைத் தாண்டி எங்கள் பூர்வீக ஊர் வந்தது. இப்போது அங்கே எங்களுக்கு வீடு இல்லை. தாத்தா காலத்தில் பண்ணையில் கூலி வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. ஊர் எல்லை தெரிந்ததும் அப்பா திடீரென்று கயிற்றை இழுத்தார். மணி அடித்தது. மாமா நிறுத்தினார்.

"என்ன மச்சான், வயித்தைக் கலக்குதா?"

"இல்ல. நான் சின்னப் புள்ளையா நாத்து முடிச்சு தூக்குறப்ப இந்த எக்ஸ்பிரஸ் இந்தப் பக்கமாத்தான் போவும். கை காட்டினா நிக்காது. ஒரு நாளும் நின்னதில்ல," என்றார் அப்பா. பின்பக்கமாக இறங்கினார். ரோட்டோரத்தில் நின்று சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு பஸ்ஸைப் பார்த்து நிதானமாகக் கை காட்டினார்.

மாமா ரப்பர் பந்து வைத்த பல்பு ஹாரனை அமுக்கினார். "ஏறுங்க சார், ஏறுங்க. உள்ள எடம் இருக்கு," என்று அத்தை கண்டக்டர் குரலில் கத்தினாள். அப்பா ஏறினார். பஸ்ஸுக்குள் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் கல்யாணம் என்பதே அந்தச் சமயத்தில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. எனக்கும்தான்.

திருத்துறைப்பூண்டிவரை எந்தத் தொந்தரவும் இல்லை. அறுவடைக் காலம். இரண்டு பக்கமும் சம்பா நெல் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. மெயின் ரோட்டை விட்டு மாப்பிள்ளை ஊருக்குத் திரும்பும் கிளைச் சாலையில் ஒரு பழைய பாலம் உண்டு. யானை முதுகுபோல நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும். ஒரு வண்டிதான் போக முடியும். நாங்கள் உச்சிக்கு ஏறியதும் எதிரே பாலத்தை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு நெல் அறுவடை இயந்திரம் ஏறி வந்து நின்றது. அதன் பின்னால் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர், அதன் பின்னால் இன்னொரு டிராக்டர், அதற்கும் பின்னால் ஒரு மினி பஸ்.

இயந்திரம் ஓட்டுகிறவர் சேலம் பக்கத்துக்காரர். எட்டிப் பார்த்து, "நீங்க பின்னால எடுங்கண்ணா. எனக்குப் பின்னாடி ஊரே நிக்குது," என்றார்.

"எடுக்கலாம் தம்பி. ரிவர்ஸ்தான் இல்ல," என்றார் மாமா.

"ரிவர்ஸ் இல்லாம யாராவது கல்யாணத்துக்குக் கெளம்புவாங்களா?"

வயலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆண்களும் பெண்களும் வேடிக்கை பார்க்கக் கரையேறி வந்துவிட்டார்கள். எல்லோரும் மாப்பிள்ளை ஊர்க்காரர்கள். பெண் வந்துவிட்டது, ஆனால் பாலத்தில் நிற்கிறது என்ற செய்தி அவர்கள் வழியாக எங்களுக்கு முன்னால் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. இயந்திரத்துக்காரர் தன்னிடமிருந்த தடித்த கயிற்றை எடுத்துக்கொடுத்தார். அதை பஸ்ஸின் பின்பக்கச் சட்டத்தில் கட்டினார்கள். உச்சியிலிருந்து சரிவுக்கு வரும்வரை பின்னால் நின்று இழுத்தால் போதும், அப்புறம் தானாக உருளும் என்பது திட்டம்.

"இழுக்குறதுக்கு நான் போறேன். ஸ்டீயரிங்கை யார் பிடிக்கிறது?" என்று மாமா கேட்டார்.

"நான் பிடிக்கிறேன்," என்றேன்.

அத்தை, "சேலை பாழாயிடும்டி," என்றாள். தடுக்கவில்லை. என் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிவிட்டாள்.

ஷெட்டுக்குள் அந்த வண்டியை நான் எத்தனையோ முறை முன்னும் பின்னும் நகர்த்தியிருக்கிறேன். பாலத்தில் நகர்த்தியதில்லை. எஞ்சினை அணைத்தால் பிரேக்கின் பலத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பதால் நியூட்ரலில் ஓடவிட்டேன். பின்னால் நீண்டிருக்கும் வால்தான் என் கவலை. முன்சக்கரம் கொஞ்சம் திரும்பினாலும் வால் அந்தண்டை வீசிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இடிக்கும். அந்த அளவை நான் காகிதத்தில் வரைந்திருக்கிறேன். காகிதத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது, கீழே ஆறும் கிடையாது.

கயிற்றின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். எங்கள் சொந்தக்காரர்கள், வயல்காரர்கள், இயந்திரத்துக்காரர், டிராக்டர்காரர்கள், மினி பஸ்ஸில் வந்தவர்கள். ஒரு அம்மா வேளாங்கண்ணித் தேர் இழுக்கும்போது சொல்வதுபோல, "மரியே வாழ்க" என்று குரல் கொடுத்தாள். மாதாவை வாழ்த்திப் பழக்கமில்லாத எங்கள் லுத்தரன் கூட்டம் ஒரு நொடி தயங்கியது. பிறகு எல்லோரையும்விட சத்தமாக அத்தைதான் அதைத் திருப்பிச் சொன்னாள். பஸ் அசைந்தது.

ஒரு முழம், இன்னொரு முழம் என்று பின்னால் போனது. பின்சக்கரம் சரிவில் இறங்கியதும் வண்டியின் கனம் மாறியதை என் முதுகு உணர்ந்தது. "எல்லாரும் ஒதுங்குங்க," என்று மாமா கத்தினார். கயிறு தளர்ந்தது. பஸ் உருள ஆரம்பித்தது. நான் பிரேக்கை அமுக்கியும் விட்டும், பக்கக் கண்ணாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டும் இறங்கினேன். பயமா சந்தோஷமா என்று பிரிக்கத் தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். சுவரில் கீறல்கூட இல்லாமல் பஸ் பாலத்தை விட்டு இறங்கி, ரோட்டின் ஓரம் காயப்போட்டிருந்த நெல்லின்மேல் போய் நின்றது.

நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்று என்னைப் பார்த்தார். டிரைவர் சீட்டில் வெள்ளைச் சேலைக் கல்யாணப் பெண்.

"மன்னிச்சுக்குங்கம்மா, நெல்லு மேல ஏத்திட்டேன்."

"அதனால என்ன. கல்யாணப் பொண்ணு ஏறின நெல்லு," என்றவர், குனிந்து ஒரு பிடி அள்ளி ஜன்னல் வழியாக என்மேல் தூவினார்.

இயந்திரமும் டிராக்டர்களும் மினி பஸ்ஸும் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்துபோயின. மாமா சீட்டுக்கு வந்தார். வயல்காரர்கள் எல்லோரும் சேற்றுக் காலோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். எங்கள் கல்யாணத்துக்குத்தான் வேலையை முடித்துவிட்டு வருவதாக இருந்தார்களாம், இப்போதே வந்துவிட்டார்கள். பின் வரிசையில் பட்டுச் சேலையும் சேற்றுக் காலும் நெருக்கியடித்து உட்கார்ந்தன. நின்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டதால் வழியெல்லாம் மணி விடாமல் அடித்தது.

கோயில் வாசலில் மாப்பிள்ளை ரோட்டுக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கினேன். இரண்டு கையிலும் ஸ்டீயரிங்கில் இருந்து ஒட்டிய எண்ணெய்க் கறுப்பு, தலையில் நெல்.

"நீங்களா ஓட்டினீங்க?"

"பின்னாடி மட்டும்," என்றேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து என் கைகளைத் துடைக்க ஆரம்பித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் விரல் விரலாகத் துடைத்தார், வைத்தியம் பார்க்கிறவரின் கவனத்தோடு. ஃபாதர் உள்ளேயிருந்து வந்து, "டாக்டர், பூசையை ஆரம்பிக்கலாமா, இல்ல இன்னும் பேஷண்ட் இருக்காங்களா?" என்று கேட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. எனக்கு அதில் பாதி நினைவில்லை. உறுதிமொழி சொல்லும்போது தலையிலிருந்து ஒரு நெல் உதிர்ந்து அவர் கோட்டுப் பையில் விழுந்ததும், இருவரும் சிரிப்பை அடக்கியதும் நினைவிருக்கிறது.

வெளியே வந்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. வந்த வேகத்தில் மாமா பஸ்ஸைக் கோயில் முற்றத்துக்குள் மூக்கை நீட்டி நிறுத்திவிட்டார். வெளியே போக ஒரே வழி, கோயிலைச் சுற்றிக்கொண்டு போவது. பின்பக்கத்தில் சாப்பாட்டுப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தி முடியும்வரை காத்திருந்தோம். பிறகு பந்தல்காரர் இரண்டு கால்களைப் பிடுங்கி வழிவிட்டார். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பஸ் கோயிலைச் சுற்றியது. அப்பா மேலே கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் பந்தல் துணியைப் பார்க்கத் தவறிவிட்டார். அது கேரியரில் மாட்டிக்கொண்டது. மஞ்சளும் ரோஸுமாக நீளத் துணி காற்றில் பறக்க, பந்தல்காரர் பின்னால் ஓடிவர, நாங்கள் ரோட்டுக்கு வந்தோம். பந்தல்காரரையும் ஏற்றிக்கொண்டோம்.

"எங்க போறது?" என்று மாமா கேட்டார்.

"திருப்ப எடம் எங்க இருக்கோ அங்க," என்றாள் அத்தை.

வேளாங்கண்ணியில் நல்ல அகலமான இடம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போனோம். பஸ் பெரிதாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பி நின்றது. அதற்குள் பாதிப் பேர் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்துவிட்டார்கள். டாக்டர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மதிய வெயிலில் அலை முழங்காலுக்கு வந்தது. பந்தல்காரர் கரையில் உட்கார்ந்து தன் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் அத்தையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அடுத்த அலை எவ்வளவு பெரிதாக வரும் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.